கேள்வி பதில்: பெட்டகசாலையில் கிடக்கும் கல்யாணக் கேசட்

கேள்வி: எங்கள் ஐயா மலேயாவில் கொடுக்கல் வாங்கல் பார்த்துக்கொண்டிருந்த 1950களில் எடுத்த 8 எம்எம் பிலிம் சுருள்கள் சில, வீட்டுப் பெட்டகசாலையில் இருக்கின்றன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் முகங்கள் இன்றும் தெரிகின்றன. ஆனால் 1989இல் நடந்த என் திருமணத்தின் வீடியோ கேசட்டைப் போட்டால், திருப்பூட்டும் (தாலி கட்டும்) நேரத்தில் படம் கோடு கோடாக ஓடுகிறது. பழையது நிலைத்திருக்கப் புதியது கெட்டது ஏன்?
– வாசகி, தேவகோட்டை

பதில்: பிலிமில் இருப்பது படமேதான். வெளிச்சமும் ஒரு கண்ணாடியும் இருந்தால் போதும், எந்தக் கருவியும் இல்லாமல் அதைப் பார்த்துவிடலாம். கேசட்டில் அப்படி ஒரு படம் எங்குமே கிடையாது. அரை அங்குல அகல பிளாஸ்டிக் நாடாவின் மேல் பூசப்பட்ட காந்தத் துகள்களில் மின்குறிப்புகளாகப் பதிந்திருப்பதை, டெக்கின் (கேசட்டை ஓட்டும் கருவியின்) உள்ளே சாய்வாகப் பொருத்தப்பட்டு நிமிடத்துக்கு 1500 முறை சுழலும் ஓர் உருளையின் ஹெட்டுகள் (படிக்கும் முனைகள்) தொட்டுப் படித்தால்தான் திரையில் படம் எழும். அந்தக் குறிப்புகள் நாடாவில் சாய்வான தடங்களாக எழுதப்பட்டிருக்கும். நம் நாட்டு முறையில் ஒரு தடத்தின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு; நாடா சற்றே சுருங்கினாலும், அதில் பூஞ்சை படிந்தாலும், ஹெட் தடம் மாறிவிடும். நீங்கள் காணும் கோடுகள் பெரும்பாலும் அதனால் வருபவையே.

இந்தச் சாய்வுத் தடத்துக்கு ஒரு காரணம் உண்டு. 1956இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த முதல் வீடியோ பதிவு இயந்திரம் இரண்டு அங்குல நாடாவில் ஓடியது. தொலைக்காட்சி நிலையங்களால் மட்டுமே அதை வாங்க முடிந்தது. தடங்களைச் சாய்வாக எழுதும் முறை வந்த பின்னரே நாடாவும் கருவியும் சிறுத்தன. 1975இல் சோனியின் பீட்டாமேக்ஸும், 1976இல் ஜேவிசியின் விஎச்எஸ்ஸும் வந்தன. 1982இல் இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி தொடங்கியதை ஒட்டி, டெக்கை வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த வழக்கமும், திருமணத்துக்கு வீடியோ எடுக்கும் வழக்கமும் நம் ஊர்களுக்குள் வந்து சேர்ந்தன. உங்களிடம் இருப்பது அசல் நாடாவாக இல்லாமல், மிக்ஸிங் (படத்தோடு படம் கலக்கும் வேலை) சேர்த்து எடுக்கப்பட்ட பிரதியாக இருக்கவும் வாய்ப்புண்டு. ஒவ்வொரு பிரதிக்கும் தரம் ஒரு படி இறங்கும். மணமக்களைப் பூவுக்குள் மிதக்கவிட்ட அந்த மிக்ஸிங்குக்கு நாம் கொடுத்த விலை அது.

இனி அந்தக் கேசட்டை வீட்டு டெக்கில் போட வேண்டாம். அதன் கண்ணாடிப் பகுதி வழியே பாருங்கள்: நாடாச் சுற்றின் ஓரத்தில் வெண்பொடி தெரிந்தால் அது பூஞ்சை, ஓடவிட்டால் ஹெட்டுகளிலும் ஒட்டி, அடுத்துப் போடும் கேசட்டுகளுக்கும் பரவும். கேசட்டின் முதுகில் சிறு பிளாஸ்டிக் தகடு இன்னும் இருந்தால் அதை உடைத்துவிடுங்கள்; தவறுதலாக மேலே வேறொன்று பதிவாகாது. பிறகு, நாடாவைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்து டிஜிட்டலாக மாற்றுங்கள். விஎச்எஸ் டெக் தயாரிப்பு 2016இல் உலகெங்கும் நின்றுவிட்டதால், நல்ல நிலையில் உள்ள கருவியும் அதைப் பழுது பார்ப்பவரும் ஆண்டுக்கு ஆண்டு அரிதாகிறார்கள். ஆகவே கேசட்டை முதலில் மாற்றுங்கள், பிலிமைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பிலிம் டப்பாவைத் திறந்ததும் காடி நெடி அடித்தால் இந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். அசிடேட் பிலிம் சிதையத் தொடங்கியதன் அடையாளம் அது.

கேள்வி: 8 எம்எம் சுருளை டிஜிட்டலாக மாற்றிக் கொடுத்தார்கள். எல்லோரும் ஓட்டமும் நடையுமாகத் தெரிகிறார்களே?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: அது வினாடிக்கு 16 கட்டங்கள் வீதம் எடுக்கப்பட்டிருக்கும், மாற்றியவர் 25 கட்டங்களாக ஓடவிட்டிருக்கிறார். நான்கு நிமிடத்துக்குச் சற்று அதிகமாக ஓட வேண்டிய ஒரு சுருள், மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வேகத்தைச் சரிசெய்து தரச் சொல்லுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஏவிஎம் ஸ்டுடியோ காரைக்குடியில் இருந்தது உண்மையா?
– மாணவர், பள்ளத்தூர்

பதில்: உண்மைதான். காரைக்குடியில் பிறந்த ஏ.வி.மெய்யப்பன், இசைத்தட்டு வணிகத்திலிருந்து படத் தயாரிப்புக்கு வந்தவர். ஒலியின் அருமை அறிந்தவர். நடிப்பவரே படப்பிடிப்புத் தளத்தில் பாட வேண்டியிருந்த நாளில், 1938இல் வந்த ‘நந்தகுமார்’ படத்தில் லலிதா வெங்கட்ராமன் என்பவரின் குரலைத் தனியே பதிந்து சேர்த்தார். தமிழில் பின்னணிப் பாடலுக்கு அதையே தொடக்கமாகச் சொல்வார்கள். பிறகு ‘ஹரிச்சந்திரா’ என்ற கன்னடப் படத்துக்குத் தமிழ் உரையாடலைப் பொருத்தி 1944இல் வெளியிட்டார். போர்க்காலத்துக்குப் பின் தேவகோட்டைச் சாலையில் கீற்றுக் கொட்டகைகளோடு அமைந்த ஸ்டுடியோவில் உருவான ‘நாம் இருவர்’ 1947இல் வந்தது. அடுத்த ஆண்டே ஸ்டுடியோ சென்னைக் கோடம்பாக்கத்துக்குப் போய்விட்டது.