ஏர்கோனுக்குப் பின்னால் இருக்கும் சுவர்

வீட்டுச் சுவர், சாயம், ஒழுகல் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சாயக் குத்தகை எடுத்து நடத்தும் நம் பத்தியாளர் பதில் சொல்கிறார்.

கேள்வி: அண்ணா, எங்களுடையது பழைய தரை வீடு. தீபாவளிக்கு முன்னால் சாயம் அடிக்கப் போகிறோம். இப்போது இருப்பது கரும்பச்சை, இனி வெள்ளை. படுக்கை அறை ஏர்கோனில் குழாய் வெளியே போகும் பக்கம் சுவர்ச் சாயம் உப்பி, கறுப்பாகப் பூசணம் பிடித்திருக்கிறது. சாயம் அடிப்பவர், "ஏர்கோனை நானே கழற்றிவிட்டு அடித்துத் தருகிறேன், தனியாகக் காசு வேண்டாம்" என்கிறார். விடலாமா?
– வாசகி, செந்தூல்

பதில்: விடாதீர்கள் தங்கச்சி. அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் உள்ளே தொங்கும் பெட்டியிலிருந்து இரண்டு செம்புக் குழாய்கள் வெளியே நிற்கும் கம்ப்ரஸருக்குப் போகின்றன. அவற்றுக்குள் அழுத்தத்தில் கேஸ் இருக்கிறது. ஸ்பேனரை வைத்து நட்டைத் திருகினால் அது சீறிக்கொண்டு வெளியே வரும். கையில் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும். இப்போது விற்கும் ஏர்கோன்கள் பலவற்றில் இருக்கும் ஆர்32 கேஸ் தீப்பிடிக்கவும் கூடியது.

வேலை தெரிந்த ஏர்கோன்காரர் எப்படிக் கழற்றுவார் என்று சொல்கிறேன், பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் ஏர்கோனை ஓடவிட்டு, வெளிப்பெட்டியில் கேஸ் அழுத்தம் காட்டும் மீட்டரை மாட்டுவார். மெல்லிய குழாயின் வால்வை அலன் கீயால் மூடுவார். கேஸ் முழுக்க வெளிப்பெட்டிக்குள் இழுபட, மீட்டர் முள் இறங்கிக்கொண்டே வரும். பூஜ்யத்தை நெருங்கும்போது தடித்த குழாயின் வால்வையும் மூடிவிட்டு, உடனே சுவிட்சை அணைப்பார். அப்புறம்தான் நட்டில் கை வைப்பார். கழற்றிய குழாய் முனைகளைக் காற்றும் ஈரமும் போகாதபடி டேப் சுற்றி அடைப்பார். திரும்ப மாட்டும்போது வேக்குவம் பம்ப் போட்டுக் குழாயிலிருக்கும் காற்றை எடுத்த பிறகே வால்வைத் திறப்பார். பம்ப் கொண்டுவராமல் வந்தால், "அது எங்கே?" என்று கேளுங்கள். குழாயில் ஈரம் தங்கினால் கம்ப்ரஸரின் ஆயுள் குறையும்.

கழற்றத்தான் வேண்டுமா என்றால், நிறத்துக்காக மட்டும் தேவையில்லை. ஏர்கோனைப் பிளாஸ்டிக் போட்டு மூடி, ஒல்லியான பிரஷால் ஓரங்களில் உள்ளே விட்டு அடித்தால் கீழே நின்று பார்ப்பவர் கண்ணுக்குப் பச்சை தெரியாது. ஆனால் உங்கள் வீட்டில் பூசணம் இருக்கிறது. அதனால் நானாக இருந்தால் கழற்றச் சொல்வேன். ஏர்கோனைக் கழுவி நாளாகியிருந்தால் கெமிக்கல் ஓவர்ஹாலுக்கு, அதாவது ரசாயனம் போட்டு முழுசாகக் கழுவும் வேலைக்கு, ஏற்பாடு செய்யுங்கள். அதற்கு எப்படியும் பெட்டியை இறக்குவார்கள். சாய வேலையையும் அதே சமயத்தில் வைத்துக்கொண்டால் கழற்றும் கூலி இரண்டு தடவை போகாது. புதிய கொண்டோ வீடுகளில் குழாய் சுவருக்குள்ளேயே ஓடும், அங்கே இழுத்து வளைக்க இடமே இருக்காது. உங்கள் பழைய வீட்டில் குழாய் வெளியே தெரிந்தால் வேலை சுலபம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்த உப்பலை ஏர்கோனை இறக்கும் முன்பே கவனியுங்கள். ஏர்கோன் ஓடும் நாட்களில் மட்டும் சுவர் நனைகிறதா, மழை பெய்தால் ஏர்கோன் போடாமலேயே நனைகிறதா? ஓடும்போது மட்டும் நனைந்தால், குழாயைச் சுற்றிய கறுப்பு ஸ்பாஞ்ச் உறை கிழிந்து குழாய் வியர்க்கிறது. அல்லது தண்ணீர் வடியும் குழாய் அடைத்திருக்கிறது. மழைக்கு நனைந்தால், குழாய் வெளியே போகும் துளையைப் பாருங்கள். அந்தத் துளை வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும், வாயும் நன்றாக அடைத்திருக்க வேண்டும். உட்பக்கம் சாய்ந்திருந்தால் மழைத்தண்ணீர் நேராகப் படுக்கை அறைக்கு வந்துவிடும். காரணத்தைச் சரி செய்யாமல் எவ்வளவு விலை உயர்ந்த சாயம் பூசினாலும் அடுத்த தீபாவளிக்கு முன் அதே இடம் உப்பும். மக்கள் நல்ல காசைச் சுவரில் கொட்டி இப்படி வீணாக்குவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

பெட்டியை இறக்கியதும், உப்பிய சாயத்தைக் கெட்டியான சிமெண்டுப் பூச்சு வரும்வரை சுரண்டச் சொல்லுங்கள். ஒரு பங்கு பிளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து பூசணத்தின் மேல் தடவி, கால் மணி நேரம் கழித்துக் கழுவுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கழிவறை கழுவும் திரவம் எதையும் அதோடு கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும். காய்ந்த பிறகு ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஓர் இரவு முழுக்க விடுங்கள். காலையில் தாளின் உட்பக்கம் முத்து முத்தாக நீர் நின்றால் சுவருக்குள் ஈரம் பாக்கி இருக்கிறது, இன்னும் பொறுங்கள். ஈரம் இல்லையென்றால் சீலர் என்ற அடிப்பூச்சு ஒரு கை, சாயம் இரண்டு கை.

ஏர்கோன் பெட்டியை மாட்டச் சுவரில் இருக்கும் இரும்புத் தட்டின் திருகாணிகளையும் பார்த்துவிடுங்கள். ஆடினால் திருகாணித் துளையில் புதிய பிளக் போட்டு இறுக்க வேண்டும். தட்டு கோணலாக மாட்டப்பட்டால் தண்ணீர் வடியும் பக்கம் போகாமல் உள்ளே சொட்டும்.

கேள்வி: மகள் மான்செஸ்டரில் வாடகை வீட்டில் படிக்கிறாள். அறையில் சூடேற்றும் ரேடியேட்டருக்கு மரத்தால் உறை போட்டிருக்கிறார்களாம். பின்சுவருக்குச் சாயம் அடிக்க வேண்டுமாம். இங்கே யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை, ஐயா.
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: நம் ஊரில் இல்லாத சாமான்தான், ஆனால் ஏர்கோனைவிட இது சுலபம். உறை மட்டும்தான் கழற்ற வேண்டியது. உள்ளே இருப்பது சுடுதண்ணீர் ஓடும் இரும்புத் தட்டு, அதன் வால்வுகளைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். முதலில் சூட்டை அணைத்து நன்றாக ஆறவிடட்டும். சில உறைகள் சும்மா சுவரோடு ஒட்டி நிற்கும், சில உட்பக்கம் சிறு பிராக்கெட்டில் மாட்டியிருக்கும். பழைய சாயம் உறையையும் சுவரையும் சேர்த்து ஒட்டியிருந்தால் இழுக்கக் கூடாது, சுவர்ப் பூச்சு பெயர்ந்து வரும். கூர்மையான கத்தியால் அந்தக் கோட்டைக் கீறிவிட்டு இரண்டு பேராகத் தூக்கட்டும்.

இரும்புத் தட்டுக்கும் சுவருக்கும் இடையே உள்ள சந்துக்கு நீளக் கைப்பிடியும் ஒல்லியான உருளையும் உள்ள ரோலர் அங்கே ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். சுவருக்குச் சாதாரண எமல்ஷன் போதும். ரேடியேட்டருக்கே அடிப்பதென்றால்தான் சூடு தாங்கும் சாயம் வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு சூட்டைப் போடட்டும். அங்கேயும் பூசணம் இருந்தால், அது வெளிச்சுவரா என்று பார்க்கச் சொல்லுங்கள். நம் ஊரில் குளிர்ந்த குழாய் வியர்க்கிறது, அங்கே பனிக்காலத்தில் குளிர்ந்த சுவரே வியர்க்கும். சமைக்கும்போதும் குளித்த பிறகும் ஜன்னலைச் சற்றுத் திறந்து வைத்தால் குறையும்.

வாடகை வீடு என்பதால், உறையைத் தொடும் முன்பே வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளட்டும்.