மஞ்சள் குடித்தால் மெசலமினை நிறுத்தலாமா?

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. இரண்டு ஆண்டுகளாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் நோய்) இருக்கிறது. மெசலமின் மாத்திரையில் ஓரளவு கட்டுப்பட்டாலும் அவ்வப்போது மலத்தில் இரத்தம் தெரிகிறது. காலையில் மஞ்சள், மிளகுக் கஷாயமும் மாலையில் நிலவேம்புப் பொடியும் சாப்பிட்டால் ஒரு மாதத்தில் மாத்திரையை விட்டுவிடலாம் என்கிறார் உறவினர் ஒருவர். அப்படிச் செய்யலாமா?

பதில்: மாத்திரையை நிறுத்த வேண்டாம். உறவினர் சொன்னதை முழுக்கத் தள்ளிவிடவும் வேண்டாம். மஞ்சளில் உள்ள குர்க்குமின் இந்த நோய்க்கு உதவக்கூடும் என்பதற்கு மருத்துவ ஆய்வுகளே சான்று தருகின்றன. எப்படிக் கொடுத்தபோது உதவியது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இஸ்ரேல் மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. மெசலமின் எடுத்தும் நோய் அடங்காத 50 பேர் அதில் சேர்ந்தனர். 26 பேருக்கு நாளொன்றுக்கு 3 கிராம் குர்க்குமின்; மற்ற 24 பேருக்கு வெற்று மாத்திரை. ஒரு மாதம் கழித்து குர்க்குமின் எடுத்தவர்களில் 14 பேருக்கு நோய் அடங்கியிருந்தது. மற்றவர்களில் ஒருவருக்கும் இல்லை. இரு தரப்பிலும் எவரும் மெசலமினை நிறுத்தவில்லை என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். 2006இல் வெளியான ஜப்பானிய ஆய்விலும் வழக்கமான மருந்தோடு சேர்த்துத்தான் குர்க்குமின் கொடுத்தார்கள்.

அடுத்தது அளவு. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் நாளுக்கு 450 மில்லிகிராம் மட்டும் கொடுத்துப் பார்த்தபோது, வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. நம் சமையல் மஞ்சள் தூளில் குர்க்குமின் ஏறக்குறைய 3 சதவீதம்தான். அந்த 3 கிராமை எட்ட வேண்டுமானால் தினமும் 100 கிராம் மஞ்சள் தூள் தின்ன வேண்டும்! குழம்புக்கும் பாலுக்கும் போடும் மஞ்சள் உணவாக இருக்கட்டும், அதை மருந்துக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மிளகு விஷயத்தில் எனக்குத் தனிக் கவலை உண்டு. மிளகின் பைப்பரின், குர்க்குமின் இரத்தத்தில் சேர்வதைப் பல மடங்கு கூட்டும் என்று 1998இலேயே பெங்களூரு ஆய்வு காட்டியது. அதை வைத்தே பல நிறுவனங்கள் மாத்திரை விற்கின்றன. ஆனால் உங்கள் கணவருக்குப் புண் இருப்பது பெருங்குடலின் உட்சுவரில். குர்க்குமின் இரத்தத்தில் அதிகம் கலக்காமல் கீழே இறங்கிப் புண்ணைத் தொடுவது இந்த நோயில் குறை அல்ல. அதோடு, மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாகப் பதிவான நோயாளிகளில் பலர் பைப்பரின் சேர்த்த வகையை எடுத்தவர்கள். ரசத்தில் போடும் மிளகைச் சொல்லவில்லை. மாத்திரையில் அடைத்த சாற்றைச் சொல்கிறேன்.

நிலவேம்பையும் சோதித்திருக்கிறார்கள். 224 பேரிடம் நடத்திய ஆய்வு 2013இல் வெளிவந்தது. தினம் 1,800 மில்லிகிராம் சாறு எடுத்தவர்களில் 60 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 40 சதவீதம் பேருக்கும் குணம் தெரிந்தது. நம்பிக்கையோடு அடுத்த கட்டப் பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். பலன் தேறாது என்று பாதியில் கைவிட்டார்கள். ஆகவே நிலவேம்பை நான் பரிந்துரைப்பதில்லை.

'மூலிகைதானே, என்ன செய்துவிடும்' என்பவர்களுக்கு அவுரியைக் காட்டுவேன். அவுரி போன்ற செடிகளின் இலையிலிருந்து எடுக்கும் நீலப் பொடி சீன மருத்துவத்தில் உண்டு. 2018இல் வெளியான ஜப்பானிய ஆய்வில், தினம் 2 கிராம் எடுத்தவர்களில் சுமார் 80 சதவீதம் பேருக்கு அது கேட்டது. மூலிகைகளில் இவ்வளவு வலுவான முடிவு அபூர்வம். ஆனால் அதே பொடியைத் தாமாக வாங்கிச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு நுரையீரல் தமனியில் இரத்த அழுத்தம் ஏறியது. ஜப்பான் அரசு எச்சரிக்கை விடுத்தது. ஆய்வும் இடையில் நின்றது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. இரத்தம் தெரிகிறது என்றால் நோய் இன்னும் அடங்கவில்லை. முதலில் குடல் நோய் மருத்துவரைப் பாருங்கள். மலத்தில் கால்புரோடெக்டின் பரிசோதனை செய்தால் அழற்சியின் அளவு தெரியும். மெசலமின் அளவைக் கூட்டவோ, நோய் மலக்குடலை ஒட்டியிருந்தால் ஆசனவாய் வழியாக வைக்கும் மருந்தைச் சேர்க்கவோ இடமிருக்கலாம். பலருக்கு அதிலேயே இரத்தம் நின்றுவிடும். அதன் பிறகும் குர்க்குமின் சேர்க்க விரும்பினால் அவரிடமே கேளுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், பித்தப்பைக் கல் உள்ளவர்கள் கேட்காமல் தொடக் கூடாது. தொடங்கினால் கல்லீரல் பரிசோதனை தேவை. குர்க்குமின் இரும்புச் சத்தையும் பிடித்துக்கொள்ளும் என்பதால் ஹீமோகுளோபின் அளவையும் பாருங்கள்.

ஒன்று மட்டும்: இதெல்லாம் அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்குப் பொருந்தும். குடல் அழற்சியில் இன்னொரு வகையான கிரோன் நோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் பிரான்ஸில் இதே 3 கிராம் குர்க்குமினைச் சோதித்தார்கள். நோய் திரும்புவதை அது தடுக்கவில்லை.

ஒரு நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ இரத்தத்தோடு மலம் போய், காய்ச்சலோ நெஞ்சுப் படபடப்போ சேர்ந்தால் கஷாயம், மாத்திரை என்று யோசிக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.