புரூஸ் லீயா, தாத்தா சொல்லும் ஆசானா?

அம்பாசமுத்திரம் தம்பி, புரூஸ் லீயைக் கும்பிடும் நண்பர்களுக்கும், சிலம்பக் கம்போடு பத்துப் பேரை விரட்டிய ஆசான் கதை சொல்லும் தாத்தாவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டதாக எழுதியிருந்தீர்கள். யார் சாட்சி என்று கேளுங்கள்.

லீ 1958இல் ஹாங்காங்கில் பள்ளிகளுக்கிடையிலான குத்துச்சண்டையில் வென்றார், சரி. தொழில்முறைப் போட்டியில் அவர் இறங்கியதே இல்லை. 1964இல் அமெரிக்காவின் ஓக்லாந்தில் குங்ஃபூ வீரர் வோங் ஜாக் மேனோடு மோதியதை இரு தரப்பும் இரு விதமாகச் சொல்கிறது.

நமக்கோ எதிரியே சாட்சி! 1801இல் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரை படையோடு போரிட்ட கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், தனக்கு ஈட்டி எறியவும் வளரி என்ற வளைந்த எறிகோலை வீசவும் முதலில் கற்றுத்தந்தவர் சின்ன மருதுதான் என்று எழுதிவைத்திருக்கிறார்.

அப்புறம் தாத்தாவின் பத்துப் பேர்: விசாலமான இடமிருந்தால் நல்ல கம்புக்காரர் இரண்டு மூன்று பேரை அண்டவிடமாட்டார். பத்து என்பது கோயில் கொடை நாளில் பெருக்கிச் சொல்லும் கணக்கு.