புற்றுநோய் இல்லை என்றால் காப்பீட்டுப் பணம் கிடையாதா?

கேள்வி: காரைக்குடியில் பலகாரக் கடை வைத்திருக்கிறோம். சிறுகுடலில் இருந்த கொழுப்புக் கட்டியால் குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் செருகி, ஆத்தாவுக்கு மதுரையில் அவசர ஆபரேஷன் நடந்தது. பயாப்ஸியில் புற்றுநோய் இல்லை. பில் 2,80,000 ரூபாய். ‘சாதாரணக் கட்டிக்கு 24 மாதக் காத்திருப்பு உண்டு, பாலிசிக்கு 14 மாதம்தான் ஆகிறது, மூன்று வருட வயிற்று வலியையும் மறைத்துவிட்டீர்கள்’ என்று கம்பெனி மறுத்துவிட்டது. இதற்கு முன் வேறு கம்பெனியில் நான்கு வருடம், 3 லட்சத்துக்கு, விடாமல் கட்டி, போர்ட் செய்துதான் (பழைய பாலிசியின் தொடர்ச்சியோடு கம்பெனி மாற்றித்தான்) வந்தோம். என்ன செய்யலாம்?

பதில்: ஆத்தா நலமாக வீடு திரும்பியதே பெரிய விஷயம். பணத்தையும் விட்டுவிடாதீர்கள், உங்கள் பக்கம் நியாயம் வலுவாக இருக்கிறது.

சாதாரணக் கட்டிக்கு 24 மாதம் கழித்துத்தான் பணம் என்ற விதி உண்மைதான். ஆனால் போர்ட் செய்தால் பழைய நான்கு வருடமும், பழைய தொகையான 3 லட்சம் வரை, கணக்கில் சேர வேண்டும். பில் அதற்குள் அடங்குகிறது. இப்போதே பாலிசி ஷெட்யூலை (பாலிசி விவரங்கள் அச்சான பக்கத்தை) எடுத்து, முதல் பாலிசி தொடங்கிய தேதி எப்படி அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். சில ஏஜென்ட்கள் போர்ட் என்று சொல்லிவிட்டுப் புதுப் பாலிசியாகப் பதிந்துவிடுகிறார்கள். அப்படியென்றால் போர்ட் விண்ணப்பமும் பழைய ரசீதுகளும்தான் உங்களைக் காப்பாற்றும்.

அடுத்து வலி. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘மூன்று வருடமாக விட்டுவிட்டு வலி’ என்ற ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கட்டிகள் பல வருடம் சத்தமில்லாமல் இருக்கும். சாதாரண எண்டோஸ்கோப்பி சிறுகுடலின் நடுப்பகுதி வரை போகாது. வலி இருந்தால் கட்டி தெரிந்திருக்க வேண்டும் என்பது சரியல்ல. அதைவிட முக்கியம், போர்ட்டையும் சேர்த்துத் தொடர்ந்து 60 மாதம் முடிந்தால், தகவல் சொல்லவில்லை என்று கிளைமை மறுக்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால்தான் முடியும். உங்களுக்கு 62 மாதம் ஆகிறது. இடையில் புதுப்பித்தல் விட்டுப்போகவில்லை என்று மட்டும் உறுதி செய்யுங்கள்.

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது மீண்டும் மறுத்தால், ஒரு வருடத்துக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (கம்பெனியைச் சேராத ஆம்புட்ஸ்மேனிடம்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். வக்கீலான எனக்கு வேலை இல்லாத வழிதான், ஆனாலும் அதையே முதலில் சொல்வேன். அங்கே தீரவில்லை என்றால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கிளைம் மறுக்கப்பட்ட நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது குறைதீர்ப்பாளர் புகாரை எடுக்கமாட்டார், அதனால் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.