குடித்துவிட்டு இடித்தால் பத்தாயிரத்தோடு முடியுமா?

திருப்பூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மச்சான் பார்ட்டி முடிந்து பைக்கில் வரும்போது ரோட்டைக் கடந்த பெரியவரை இடித்துவிட்டான். அவருக்குக் கால் எலும்பு முறிவு. ஊதச் சொன்னதில் மெஷின் 68 காட்டியது. பத்தாயிரம் கட்டினால் முடிந்துவிடுமா?"

முடியாது. அந்தப் பத்தாயிரம் குடித்து ஓட்டியதற்கு மட்டும். 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே (மச்சானுக்கு மெஷின் காட்டியது 68) மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 185 பாயும். முதல் தடவை 6 மாதம் வரை ஜெயில், அல்லது 10,000 அபராதம், அல்லது இரண்டும், மறுபடி மாட்டினால் 2 ஆண்டு வரை ஜெயிலும் 15,000 அபராதமும் வரலாம். அதையும் ரோட்டிலேயே கட்டி ரசீது வாங்க முடியாது, கோர்ட் ஏறியே ஆகவேண்டும்.

பெரியவருக்கு அடிபட்டது தனிக் கணக்கு. 2024 ஜூலை 1-லிருந்து ஐ.பி.சி. என்ற பழைய இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதால் இதற்குப் பிரிவு 125. வெறும் சிராய்ப்பு, வீக்கம் என்றால் 6 மாதம் வரை. எலும்பு முறிந்தால், ஏன், பல் உடைந்தாலும்கூட, அது கொடுங்காயம். 3 ஆண்டு வரை ஜெயில், 10,000 வரை அபராதம். ஆக, மச்சானின் கேஸைப் பெரிதாக்கப்போவது ஊதின மெஷினைவிட ஆஸ்பத்திரி எக்ஸ்ரேதான். நல்லவேளை, 125 ஜாமீனில் விடக்கூடிய பிரிவு.

ஆனால் ஓட்டிய விதம் ரொம்ப மோசம் என்றால், 'ஆள் சாகலாம் என்று தெரிந்தே ஓட்டினான்' என்று போலீஸ் அதே சன்ஹிதாவின் பிரிவு 110 (கொலையாகாத மரணம் விளைவிக்க முயற்சி) போடலாம். காயம் பட்டிருந்தால் 7 ஆண்டு வரை, ஜாமீனும் சுலபமில்லை. மும்பை கார்ட்டர் ரோட்டில் 2006-ல் பிளாட்பாரத்தில் தூங்கிய 7 பேர் செத்த வழக்கில் அலட்சியம் என்ற வாதம் எடுபடவில்லை. 2012-ல் உச்ச நீதிமன்றம் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் என்றே உறுதி செய்தது.

கஞ்சா, போதை மாத்திரை என்றால் 30 மில்லிகிராம் மாதிரி எண் கிடையாது, வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் இருந்தானா என்பதே கேள்வி. அதனால் டாக்டர் எழுதும் குறிப்புக்கு மதிப்பு அதிகம்.

அப்புறம், 'வேறு ஆள் ஓட்டினான்' என்று யாரையாவது ஸ்டேஷனுக்கு அனுப்பும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். அது தனிக் குற்றம், இந்தக் காலத்தில் தெருவுக்கு நாலு சிசிடிவி. பெரியவரின் சிகிச்சைச் செலவுக்குக் கைகொடுப்பது மனிதத்தன்மை, தண்டனை குறையவும் உதவலாம், 185 மட்டும் அதனால் போகாது. இன்சூரன்ஸ் கம்பெனி அவருக்கு நஷ்டஈடு கொடுத்துவிட்டு, குடித்திருந்ததைக் காட்டி அந்தப் பணத்தை உங்கள் பக்கமே வசூலிக்க வரலாம், அதற்கும் தயாராக இருங்கள்.