சாரலில் மஞ்சளாகும் டயாந்தஸ்

தொட்டியில் வளரும் டயாந்தஸ் (கார்னேஷன் இனத்துப் பூச்செடி) மஞ்சளாகிறதே, உரம் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உரம் வேண்டாம், முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். செங்கோட்டைச் சாரலில் உங்கள் டயாந்தஸ் அடியிலிருந்து மஞ்சளாவதற்கு, தண்டைச் சுற்றி நீங்கள் பரப்பியதாகச் சொல்லும் தேங்காய் நார்க்கழிவே பெரும்பாலும் காரணம். அது ஈரத்தைத் தண்டோடு பிடித்து வைக்கிறது. இந்தச் செடிக்கு அதைவிடக் கொடுமை வேறில்லை.

நார்க்கழிவை விலக்கி, மண்ணை ஒட்டிய தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் செடி பிழைக்கும். தொட்டியை மழை படாமல் வெயில் விழும் தாழ்வார ஓரத்துக்கு மாற்றுங்கள். மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகே நீர் ஊற்றுங்கள்.

கொழகொழவென்று இருந்தால் அழுகல். மொட்டு வைக்காத நுனிக்கிளையை 3 அங்குலம் வெட்டி, ஈர மணலில் நட்டு வேர்பிடிக்க வைக்கலாம். ஆனால் வெட்டிய தண்டின் உள்ளே பழுப்புக் கோடு தெரிந்தால் வாடல் நோயாக இருக்கலாம். அந்தத் துண்டையும் பழைய மண்ணையும் மறுபடி பயன்படுத்தாதீர்கள்.