இரவு ரொட்டிக் கடை: கேட்டவர்களுக்குப் பதில்

வாழைச்சேனைத் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் 13 வருடம் இரவு ரொட்டிக் கடை வைத்திருந்தேன். பின்னேரம் ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டினால் அணைக்க இரவு ஒரு மணி, சில நாள் இரண்டு மணியும் ஆகும். இப்போது கடை இல்லை, முழங்கால் விடவில்லை. இரவுக் கடைச் சாப்பாடு பற்றி எதையும் கேளுங்கள் என்று போன மாதம் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

வீட்டில் கொத்து ரொட்டி போட்டால் களியாகிவிடுகிறது. கடையில் வாங்கினால் உதிரியாக இருக்கிறது. என்ன ரகசியம்?
– வாசகி, செங்கலடி

ரகசியம் ஒன்றும் இல்லை, தங்கச்சி. ரொட்டியைச் சுட்ட கையோடு வெட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். சுடச்சுட இருக்கிற ரொட்டிக்குள் ஆவி நிற்கும். அதைக் கொத்தினால் பசையாகத்தான் வரும். கடையில் பின்னேரம் சுட்டு அடுக்கி வைத்ததைத்தான் இரவு கொத்துவார்கள். ரொட்டி நன்றாக ஆறி, கையில் எடுத்தால் தோல் மாதிரி இழுபட வேண்டும்.

ஒரு கிலோ கோதுமை மாவுக்கு அரை லீற்றருக்குச் சற்றுக் கூடத் தண்ணீர், உப்பு. அதில் 15 உருண்டை வரும். எண்ணெய் பூசி மூன்று மணித்தியாலம் விட்டுவிடுங்கள். விரலால் அமுக்கினால் பள்ளம் அப்படியே நிற்க வேண்டும், திரும்ப எழும்பி வந்தால் இன்னும் ஊறவில்லை. அவசரப்பட்டு வீசினால் கிழியும்.

அடுத்தது அளவு. நாலு பேருக்கும் சேர்த்து ஒரேயடியாகத் தாச்சியில் கொட்டினால் தாச்சி ஆறிப்போகும். கோவாவும் லீக்ஸும் தண்ணீர் விடும், ரொட்டி அந்தத் தண்ணீரைக் குடிக்கும். ஒரு தடவைக்கு இரண்டு ரொட்டி போதும். முதலில் வெங்காயம், ரம்பை, கறிவேப்பிலை, பச்சை மிளகாய். பிறகு மரக்கறி, பெரிய நெருப்பில் ஒரு நிமிடம். அதை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு முட்டை, முட்டை பாதி உறைந்ததும் ரொட்டி. குழம்பு கடைசியில்தான். ஒரு ஆளுக்கு ஒரு அகப்பை. அதையும் ஓரத்தில் ஊற்றி, கொதித்த பிறகு ரொட்டியை அதற்குள் இழுக்க வேண்டும். குழம்பை ரொட்டியின் தலையில் ஊற்றுகிற ஆளுக்கு நான் சம்பளம் கொடுத்ததில்லை.

ரொட்டி கொத்துகிற தகட்டில் ஏன் அத்தனை சத்தம் என்றும் கேட்டிருந்தீர்கள். உண்மையைச் சொன்னால் பாதி விளம்பரம். ரொட்டியை வெட்ட அத்தனை அடி தேவையில்லை. ஆனால் காற்று துறைமுகப் பக்கம் வீசுகிற இரவில் அந்தச் சத்தம் கேட்டுத்தான் படகில் இருந்து ஆட்கள் இறங்கி வருவார்கள். வாடிக்கையாளர் தூரத்தில் இருந்தால் கூட இரண்டு தட்டுத் தட்டுவோம்.

கொத்து மட்டக்களப்பில்தான் பிறந்ததா?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

நாங்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். திருகோணமலைக்காரர் தங்கள் ஊர் என்பார்கள். கொழும்புக்காரர் எதுவும் சொல்லாமல் இரண்டு மடங்கு விலைக்கு விற்கிறார்கள்.

மாட்டிறைச்சி கொத்துகிற அதே கல்லில்தான் முட்டைக் கொத்தும் போடுகிறார்கள். அதனால் அம்மா கடைக் கொத்தே வேண்டாம் என்கிறா. கல்லைக் கழுவித் தரச் சொன்னால் கடைக்காரர் கோபிப்பாரா?
– வாசகர், ஆரையம்பதி

கேளுங்கள் தம்பி. கோபிக்கிற கடையில் உங்களுக்கு என்ன வேலை?

நான் தொழில் பழகியது முஸ்லிம் ஊரான ஓட்டமாவடியில், ஒரு நானாவின் கடையில். பழைய பாலத்தில் ரயிலும் பஸ்ஸும் ஒரே வழியால் போன காலம். ரயில் வருகிறதென்று மறித்துவிட்டால் இரண்டு பக்கமும் நிற்கிற சனம் எங்கள் கடைக்குப் பிளேன்டீ குடிக்க வரும். அங்கே இரண்டு சோடித் தகடு இருந்தது. மாட்டிறைச்சிக்குரிய சோடியின் பிடியில் சிவப்பு வயர் சுற்றியிருக்கும். மரக்கறிக்காரர் யாராவது கேட்டால், நானா கல்லில் தண்ணீர் ஊற்றிச் சுரண்டி, உப்புப் போட்டுத் தேங்காய்த் தும்பால் தேய்த்து, திரும்பச் சூடாக்கித்தான் முட்டையை உடைப்பார். நாலைந்து நிமிடம் போகும். வெள்ளிக்கிழமை எங்கள் தமிழ் ஆட்களில் பாதிப்பேர் சைவம் என்பதால், அன்று பின்னேரம் முதல் ஒரு மணித்தியாலம் மரக்கறிக் கொத்து மட்டும்தான் கல்லில் ஏறும். யாரும் கேட்டு அவர் அப்படிச் செய்யவில்லை.

நான் சொந்தக் கடை போட்டபோது கணக்கு மறுபக்கம் திரும்பியது. முஸ்லிம் படகுக்காரர் வந்து, கோழி யார் அறுத்தது என்று கேட்பார்கள். ஓட்டமாவடியில் வாங்கினது என்பேன், உட்காருவார்கள். 13 வருடமும் கோழி அங்கேதான் வாங்கினேன். கழுவிய கல்லும் அம்மாவுக்கு மனம் ஒவ்வாது என்றால் வற்புறுத்தாதீர்கள். இடியப்பமும் சொதியும் விற்கிற வீட்டுக் கடைகள் உங்கள் பக்கத்தில் இருக்குமே.

சீஸ் கொத்து பற்றி உங்கள் கருத்து?
– பள்ளி மாணவன், அக்கரைப்பற்று

ஒரு தடவை சாப்பிட்டேன்.

நோன்பு காலத்தில் இரவு காத்தான்குடிக்குப் போனால் நல்ல சாப்பாடு கிடைக்கும் என்கிறார்கள். நாங்கள் போகலாமா?
– வாசகி, கல்லடி

தாராளமாகப் போகலாம். பின்னேரம் நோன்பு திறக்கிற நேரத்தில் போய் நெருக்காதீர்கள், அது அவர்களுடைய நேரம். இரவுத் தொழுகை முடிந்த பிறகு போங்கள். பிரதான வீதியின் நடுவில் பேரீச்சை மரங்கள் நிற்கிற பகுதியில் சனம் நடமாடும். சமோசாவும் வட்டிலப்பமும் வாங்குங்கள். நோன்புக் கஞ்சி அந்த நேரம் கிடைக்காது. தெரிந்த வீடு இருந்தால் பின்னேரமே ஒரு தூக்குச்சட்டியில் வந்து சேர்ந்திருக்கும்.

தெரியாத ஊரில் இரவு சாப்பிட வேண்டி வந்தால் எந்தக் கடை நல்லது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், கல்முனை

போர்டையும் லைட்டையும் பார்க்காதீர்கள். “என்ன முடிஞ்சுது?” என்று கேளுங்கள். இரவு பத்தரைக்கும் ஒன்றுமே முடியாமல் எல்லாம் இருக்கிற கடையென்றால் அடுத்த கடைக்கு நடவுங்கள்.

இதை நான் என் தவறில்தான் படித்தேன். கடை தொடங்கிய முதல் வருடம், மார்கழி. எங்கள் கரையில் அது கொந்தளிக்கிற காலம், படகுகள் கட்டியபடியே நின்றன, வியாபாரம் இல்லை. கோழிக் குழம்பு அரைப் பானை மிச்சம். மூடி வைத்தேன். அடுத்த நாள் நன்றாகக் கொதிக்க வைத்தேன், மணத்திலும் குறை இல்லை. அதையே ஊற்றிக் கொத்துப் போட்டேன்.

விடிய நாலு மணிக்கு என் வீட்டுப் படலையில் ஆள் சத்தம். ஒரே படகுக்காரர் ஆறு பேருக்கு வாந்தி. அதில் வயதான ஒருவருக்கு சேலைன் ஏற்ற வேண்டி வந்தது. காசு கேட்கவில்லை, சண்டை பிடிக்கவில்லை. படகு ஓட்டி மட்டும், “அண்ணன், நீங்க அதைச் சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார். நான் சாப்பிடவில்லை. அன்றிரவு எனக்கு மனிசி புட்டு அவித்து வைத்திருந்தா.

பிறகு பி.எச்.ஐ. ஐயா, அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து பானைக்கு முன்னால் நின்று விளக்கினார். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் சாப்பாடு நிற்கிற நேரம்தான் கிருமி பெருகுகிற நேரம். பெரிய பானை ஆற விடியும்வரை எடுக்கும், அவ்வளவு நேரமும் அது பெருகும். அடுத்த நாள் கொதிக்க வைத்தால் கிருமி சாகலாம், ஆனால் சில கிருமி விட்டுவிட்டுப் போகிற நஞ்சு கொதித்தாலும் சாகாது. மணத்தில் தெரியாது, ருசியில் தெரியாது. அன்றோடு பெரிய பானையைக் கொடுத்துவிட்டுச் சின்னதாக இரண்டு வாங்கினேன். பத்து மணிக்கு மேல் வருகிறவர்களுக்குச் சில நாள் முட்டைக் கொத்து மட்டும்தான் இருக்கும். ஏசிவிட்டுச் சாப்பிடுவார்கள். அந்த ஆறு பேரில் நாலு பேர் திரும்ப வந்தார்கள்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் மீன் ரோல்ஸ் சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு கடித்தது. மீன் அலர்ஜி என்றார்கள். ஆனால் பிறகு வீட்டில் அதே சூரை மீன் சாப்பிட்டேன், ஒன்றும் இல்லை. எப்படி?
– வாசகர், கல்குடா

உங்கள் உடம்பில் பிழை இருக்காது, அந்த மீனில்தான் இருந்திருக்கும். சூரை, கெலவல்லா மாதிரிச் சிவப்புச் சதை மீன்களைப் பிடித்தவுடன் ஐஸில் போடாவிட்டால் சதைக்குள் ஹிஸ்டமின் என்கிற ஒன்று உண்டாகிவிடும். அலர்ஜி வரும்போது உடம்பு தானே சுரக்கிறதும் அதுதான், அதனால்தான் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அவித்தாலும் பொரித்தாலும் போகாது. வாயில் வைத்ததும் மிளகு கடித்த மாதிரி நாக்கு சுள்ளென்றால் துப்பிவிடுங்கள். மூச்சு விடக் கஷ்டமாக இருந்தால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அது எதுவென்று அவர்கள் பார்க்கட்டும்.

பல நாள் படகு கடலில் இரண்டு, மூன்று வாரம் நிற்கும். முதல் நாள் பிடித்த மீன் ஐஸ் அறையின் அடியில் கிடக்கும், இறக்கும்போது கடைசியாக வரும். விலை குறைவென்று அதைத் தேடிப் போகிற கடைகளும் உண்டு. நான் மீன் கொத்துப் போட்டதே இல்லை. துறைமுகத்து வாசலில் இருந்துகொண்டு மீன் விற்கவில்லையே என்று சிரித்தவர்கள் இருந்தார்கள்.

கணவர் கடலுக்குப் போகிறவர். மாதத்தில் பாதி நாள் தனியாக இருக்கிறேன். பின்னேரம் வீட்டு வாசலில் சின்னக் கடை போட ஆசை. எதில் தொடங்கலாம்?
– வாசகி, பெரியகல்லாறு

இறால் வடையும் பிளேன்டீயும். இரண்டே போதும். கொத்துக்குக் கல், தகடு, கை ஆள் எல்லாம் வேண்டும். வடைக்கு ஒரு தாச்சி போதும். வாவி இறால் உங்கள் வாசலுக்கே வரும். கடலைப்பருப்பை மூன்று மணித்தியாலம் ஊறவைத்துக் கொரகொரப்பாக அரையுங்கள், தண்ணீர் விடாதீர்கள். பொரிக்கும்போது இறால் கழன்று எண்ணெயில் மிதந்தால் அது ஈரமான இறால். துணியால் ஒற்றி, துளி மாவில் பிரட்டி, வடைக்குள் பாதி புதையும்படி அமுக்குங்கள்.

எண்ணெய் கறுத்து நுரைக்கத் தொடங்கினால் ஊற்றிவிடுங்கள். நட்டம்தான், தெரியும்.

முழுக்கச் சமையல் காஸை நம்பி இறங்க வேண்டாம். 2022 சித்திரையில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாவுக்குப் போனது. காசு இருந்தும் சிலிண்டர் இல்லை. நான் கல்லை விறகு அடுப்புக்கு மாற்றினேன். நடு எரியும், ஓரம் குளிரும், ஒரு கொத்துக்கு இரண்டு மடங்கு நேரம். ஆனால் கடை பூட்டவில்லை. உங்களுக்கும் பின்வளவில் ஒரு விறகு அடுப்பு இருக்கட்டும்.

வடையைச் சுற்றிக் கொடுக்க வாழையிலைத் துண்டு வையுங்கள். சாப்பாடு சுற்றுகிற பொலித்தீன் லஞ்ச் சீட் 2017 இலேயே தடை, சில கடைகளில் இன்னும் பார்க்கிறேன். அப்புறம், தொடங்கும் முன்பே பி.எச்.ஐ.யிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். அவர் வந்து பிடிக்கும்வரை ஒளிந்திருப்பதைவிட அது லேசு. முதல் வாரம் 40 வடைக்கு மேல் போடாதீர்கள். கேட்டு வந்தவர் இல்லை என்று திரும்பினால் நாளைக்கு நேரத்தோடு வருவார்.

நீங்கள் இரவில் என்ன சாப்பிடுகிறீர்கள்?
– வாசகி, ஏறாவூர்

ஏழரைக்கே புட்டும் மீன் குழம்பும், கிடைத்தால் சட்டித் தயிரும். கொத்து மணம் 13 வருடம் சட்டையில் ஊறியது போதும். தகடுகளைக் கடையை எடுத்த பொடியனுக்குக் கொடுத்துவிட்டேன். கல்லை அவன் வேண்டாம் என்றான், புதுசு வாங்கினானாம். அது இப்போது எங்கள் வளவில் கிடக்கிறது. மனிசி அதன் மேல் செத்தல் மிளகாய் காயவைக்கிறா.